கோபுரத்தில் இரட்டைப் பொம்மை

2016 தொடக்கத்தில் நிக்கான் நிறுவனத்தின் சிங்கப்பூர்ப் பிரிவு ஒரு படத்துக்குப் பரிசு கொடுத்தது. பரிசு என்னவோ ஒரு டிராலி பைதான். சைனாடவுனில் ஏணிக்கடியில் நின்று அண்ணாந்து எடுத்த படம் அது. படிகளுக்கு நடுவே, அளந்து வைத்தாற்போல ஒரு விமானம். பார்த்தவர்கள் சும்மா விடவில்லை. படத்தின் வெளிச்ச அளவை ஏற்றி இறக்கினார்கள். விமானத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் தெரிந்துவிட்டது. கைப்பேசிச் செயலியில் விளையாட்டாக ஒட்டியது என்று சொல்லி எடுத்தவர் மன்னிப்புக் கேட்டார். நிறுவனமும் தவற்றை ஒப்புக்கொண்டது. அதற்குள் இணையவாசிகள் அந்த ஏணிக்குள் கண்டதையும் ஒட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அது வெட்டி ஒட்டிய வேலை. கொஞ்சம் பொறுமை இருந்திருந்தால் அந்தக் கட்டத்தையும் படத்திருத்த மென்பொருள்களில் உள்ள குளோன் ஸ்டாம்ப் என்ற கருவியால் மறைத்திருக்கலாம். இந்தக் கருவி எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. போட்டோஷாப்பில் ஆல்ட் விசையை அழுத்தியபடி ஓரிடத்தைக் கிளிக் செய்தால் (கிம்ப்பில் கன்ட்ரோல் விசை) அந்த இடம் மூலம் ஆகிறது. வேறிடத்தில் பிரஷை ஓட்டினால் மூலத்திலிருக்கும் பிக்சல்கள் அங்கே பதிகின்றன. பிரஷ் எவ்வளவு நகர்கிறதோ, மூலப்புள்ளியும் அதே திசையில் அவ்வளவு நகரும். 'அலைன்டு' தேர்வை எடுத்துவிட்டால், ஒவ்வொரு முறை கையை எடுத்து வைக்கும்போதும் பழைய புள்ளியிலிருந்தே தொடங்கும். கிழிந்த சட்டைக்கு அதன் உள்மடிப்புத் துணியையே வெட்டித் தைப்பது போன்ற வேலை.

சென்னையில் தெருப்படம் எடுப்பவர்களுக்கு இந்தக் கருவி பெரும்பாலும் கரண்டுக் கம்பியை அழிக்கத்தான். சிங்கப்பூரில் மின்கம்பிகள் நிலத்தடியில் போவதால் அந்தத் தொல்லை இல்லை. லிட்டில் இந்தியாவில் குறுக்கே வருபவை குப்பைத்தொட்டியும் சுற்றுலாப் பேருந்தும்தான்.

கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டிய டான் டெங் நியா வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சன்னல் ஒரு நிறம், சட்டம் ஒரு நிறம், சுவர் ஒரு நிறம். அதன்முன் நிற்கும் ஒரு தொட்டியை அழிக்க வேண்டுமென்றால், அதே வரிசையில் அதே நிறம் தொடரும் இடத்தில்தான் மூலம் எடுக்க வேண்டும். மரச்சட்டம் மயிரிழை விலகினாலும் கண்ணை உறுத்தும். 2002இல் போட்டோஷாப் 7 பதிப்பில் வந்த ஹீலிங் பிரஷ் இங்கே உதவாது. அது மூலத்திலிருந்து மேற்பரப்பின் இழைநயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நிறத்தையும் ஒளியையும் சுற்றியுள்ள பகுதிக்கேற்ப இழைத்துவிடும். மணப்பெண் முகத்துப் பருவுக்கு அது அருமை. பச்சையும் சிவப்பும் முட்டிக்கொள்ளும் விளிம்பிலோ சேறு பூசிவிடும். அங்கே ஓரம் சற்றுக் கெட்டியான பிரஷும் பழைய ஸ்டாம்பும்தான் கைகொடுக்கும். அதையும் தனி லேயரில் செய்தால் பிடிக்காதபோது அழித்துவிடலாம்.

சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் கோபுரம் இன்னும் கடினம். வானத்தை எத்தனை முறை நகலெடுத்தாலும் எவரும் கேட்கப் போவதில்லை. கோபுரத்தில் ஒரு சுதைப் பொம்மையை நகலெடுத்தால், அதே சாமி அதே விரிசலோடு பக்கத்திலேயே இன்னொரு முறை நிற்பார்.

செய்திப் படங்களும் இப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன. 2006 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட பெய்ரூட் படமொன்றில் குண்டுவீச்சுப் புகை ஒரே சுருளாகத் திரும்பத் திரும்ப வந்தது. வாசகர்கள் கண்டுபிடித்தார்கள், அந்த நிறுவனம் அப்படக்காரரின் 920 படங்களையும் திரும்பப் பெற்றது. படத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒன்றையொன்று ஒத்திருப்பவற்றைத் தேடும் மென்பொருள்கள் இப்போது இந்த வேலையைச் செய்கின்றன.

கல்யாண ஆல்பத்தில் தொட்டியை அழிப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. தைப்பூச ஊர்வலச் செய்திப் படத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக்கூடத் தொடக் கூடாது. 2015இல் உலகப் பத்திரிகைப் படப் போட்டியின் இறுதிக்கு முந்தைய சுற்றில், கேமராவின் மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு படங்களை ஒதுக்கினார்கள்.

2023 முதல் போட்டோஷாப்பிலேயே செயற்கை நுண்ணறிவு வந்து வெற்றிடத்தை நிரப்புகிறது. ஸ்டாம்ப் பொய் சொன்னாலும், அதே படத்தில் இருந்ததை வைத்தே சொன்னது. இது அங்கே இல்லாத பொம்மையையே செய்து கோபுரத்தில் ஏற்றிவிடும். நகல் இருக்காது, கட்டங்களை ஒப்பிட்டும் பயனில்லை. அந்தச் சாமிக்கு எத்தனை கை, கையில் இருப்பது வேலா கரண்டியா என்று பெரிதாக்கிப் பார்த்தால்தான் பிடிபடும்.