பேயுமல்ல, நடிப்புமல்ல!



எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் மாதங்களிலும், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை விட்டுப் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் சேரும் நாட்களிலும் சில பிள்ளைகளுக்குத் திடீரென மூச்சு வாங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது; உடல் வியர்க்கிறது; விரல்கள் மரத்து வளைந்துகொள்கின்றன. "செத்துவிடுவேன் போலிருக்கிறதே!" என்று பிள்ளை கதறுகிறது. சுற்றி நிற்பவர்களில் ஒருவர், காத்துக் கருப்பு என்று சொல்லிப் பூசாரியைத் தேடி ஓடுவார். இன்னொருவர், பள்ளிக்குப் போகாமலிருக்கப் போடும் நாடகம் என்று கையை ஓங்குவார். இரண்டுமே தவறு.

அப்படியானால் நடப்பதென்ன? செம்பனைக் காட்டில் நடக்கையில் காலடியில் பாம்பு நெளிந்தால், ஓடுவதற்கு நம் உடல் ஆயத்தமாகிறது. அட்ரினலின் என்னும் சுரப்புநீர் இரத்தத்தில் கலக்க, இதயமும் மூச்சும் வேகமெடுக்கின்றன. தேர்வையோ, கேலியையோ, வீட்டுச் சண்டையையோ எண்ணி அஞ்சும் பிள்ளைக்கும் இதே மாற்றம்தான். சில வேளைகளில் காரணம் தெரியாமலும் வரும்.

ஓடாமல் உட்கார்ந்த இடத்திலேயே வேகவேகமாக மூச்சுவிட்டால், இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். அதனால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், விரல்கள் மரக்கும். பிள்ளையோ, காற்றுப் போதவில்லை என்றெண்ணி இன்னும் வேகமாக மூச்சை இழுக்கும். அச்சம் மூச்சை விரட்ட, மூச்சு அச்சத்தை வளர்க்கிறது. இந்தச் சுழலை நாம் அறுக்க வேண்டும்.

முதலில், கூட்டத்தை விலக்குங்கள். பிள்ளையின் பக்கத்தில் அமருங்கள். "அம்மா பக்கத்திலேயே இருக்கிறேன். இது கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். என்னோடு சேர்ந்து மூச்சு விடு" என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். மூக்கால் 4 எண்ணும் வரை மெல்ல இழுத்து, சூடான கோப்பியை ஆற்ற ஊதுவதுபோல் வாயால் 6 எண்ணும் வரை விடச் செய்யுங்கள். நீங்களும் கூடவே செய்யுங்கள். நீங்கள் பதறினால் பிள்ளையும் பதறும். பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் அச்சம் உச்சத்தை எட்டி, பிறகு தானாகவே தணியும்.

காகிதப் பைக்குள் மூச்சுவிடச் சொல்வது பழைய வழக்கம். அதை இனி விட்டுவிடுங்கள். பிள்ளைக்கு வந்திருப்பது இழுப்பு நோயாகவோ இதயக் கோளாறாகவோ இருந்தால், அது உயிருக்கே ஆபத்தாகும்.

முதன்முறை இப்படி வந்தால், அரசாங்க மருந்தகத்திற்கு அழைத்துச் சென்று காட்டுங்கள். இழுப்பு, இரத்தசோகை, இனிப்புநீர் ஆகியவற்றாலும் மூச்சு வாங்கலாம். உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, நினைவு தப்பினாலோ, அரை மணி நேரமாகியும் அடங்காவிட்டாலோ தாமதிக்காமல் 999-ஐ அழையுங்கள்.

அடங்கியதும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். மறுநாள், பிள்ளை அமைதியாக இருக்கும் வேளையில், "எதை நினைத்தால் பயமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். கேட்டபின் குறுக்கே பேசாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை அப்போது இழுக்காதீர்கள். பள்ளியிலுள்ள ஆலோசக ஆசிரியரிடமும் தெரிவியுங்கள். பயந்து பள்ளியை நிறுத்திவிட்டால், வீட்டுக்குள்ளேயே அச்சம் குடியேறிவிடும். மெல்ல மெல்லத் திரும்பிப் போகப் பழக்குங்கள். நேரத்தோடு தூக்கம், காலையில் பசியாறல், தினமும் 5 நிமிட மூச்சுப் பயிற்சி ஆகியவை துணை நிற்கும். கடுங்கோப்பியும் சக்தி பானங்களும் படபடப்பைக் கூட்டும்.

சாமி கும்பிட்டுத் திருநீறு பூசுவதை யாரும் தடுக்கவில்லை. பூசிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். தன்னை நம்புகிற ஒருவர் அருகில் இருக்கிறார் என்று தெரிந்தாலே, பிள்ளையின் பயம் பாதி குறைந்துவிடும்.