உங்களுக்குத் தெரியுமா? - கடல் விழுங்கும் புகை

காலையில் பூச்சோங் எல்டிபி நெடுஞ்சாலையில் நகராமல் நிற்கிறோமே, அங்கே வண்டிகள் கக்கும் புகையெல்லாம் எங்கே போகிறது? உலகம் முழுக்க மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைக் கடல் விழுங்கிக்கொள்கிறது.

சோடா பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்ததும் நாக்கில் சுருக்கென்கிறதே, அது கார்போனிக் அமிலத்தின் வேலை. வாயு கரையும் கடலிலும் அதே அமிலம்தான் உண்டாகிறது. அதற்காகக் கடல் புளித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், இன்னும் காரத்தன்மைதான். அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு, தொழிற்புரட்சிக்கு முன் 8.2 ஆக இருந்தது, இப்போது 8.1ஐ ஒட்டி நிற்கிறது. பூ, இவ்வளவுதானா? அந்த அளவுகோல் ஆளை ஏமாற்றும். ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். 0.1 இறங்கியதற்கே சுமார் 30 சதவீதம் ஏறிவிட்டது.

இந்த மாற்றம் கடலில் மிதக்கும் நுண்பாசிகளையும் தொடுகிறது. உலகில் உற்பத்தியாகும் ஆக்சிஜனில் கிட்டத்தட்ட பாதி அவற்றின் உபயம். பாசாரில் வாங்கும் கெம்போங் மீனும் அவற்றை நம்பித்தான் கொழுக்கிறது.

எமிலியானியா ஹக்ஸ்லேயி என்றொரு நுண்பாசி. பெயர்தான் நீளம், ஆள் ஒற்றைச் செல். சக்கர மூடி போன்ற சுண்ணாம்புத் தட்டுகளை உடம்பைச் சுற்றி அடுக்கிக்கொள்ளும். இங்கிலாந்தின் டோவர் வெண்பாறைகள் இதன் பழைய உறவுக்காரர்கள் உதிர்த்த தட்டுகள்தான். கரியமில வாயு கூடிய நீரில் இந்தத் தட்டுகள் மெலிந்து கோணலாகின்றன என்றது 2000இல் வந்த ஆய்வு. இல்லவே இல்லை, கனக்கின்றன என்றது 2008இல் வந்த இன்னொன்று! யார் பொய்? இருவருமே இல்லை. இந்த ஒரே இனத்துக்குள் வம்சத்துக்கு வம்சம் குணம் மாறுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. அண்ணன் தம்பி கதைதான்.

டயாட்டம் என்னும் வகைக்குச் சுண்ணாம்பே வேண்டாம். அதன் கூடு கண்ணாடி மாதிரி சிலிக்கா. தப்பித்ததா என்றால், அதுவும் இல்லை. நீரில் அமிலம் ஏறினால் அதற்கு இரும்புச்சத்து எளிதில் கிடைப்பதில்லை என்று 2010இல் கண்டுபிடித்தார்கள்.

பாசார் மாலாமில் அவித்த கெராங்கைக் கையில் எடுத்து ஓட்டைத் தடவிப் பாருங்கள். சீப்புப் பல் மாதிரி வரிவரியாக இருக்கும். அந்த ஓடு சுண்ணாம்பு, கெராங்கின் சாப்பாடு நுண்பாசி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி! சிலாங்கூர் கடலோரச் சேற்றில் கெராங் குறைந்துபோனதற்கு இப்போதைக்கு ஆற்று அழுக்கின் மேல்தான் பழி விழுகிறது. பூச்சோங்கை ஒட்டி ஓடும் கிள்ளான் ஆறும் மலாக்கா நீரிணையில்தான் போய்ச் சேர்கிறது.