கொல்லிமலை வாழைப்பழத்தில் கதிரியக்கமா? பயப்படணுமா?

நாமக்கல் மாவட்டத்தின் தேவனூர் நாட்டுப் பக்கம் போய் வருபவர்கள், கொல்லிமலை வாழைப்பழம் ஒரு சீப்பாவது வாங்காமல் இறங்குவதில்லை. அந்தப் பழத்திலும் கதிரியக்கம் இருக்கிறது. மலைப்பழம் என்பதால் அல்ல. எந்த ஊர் வாழைப்பழமும் அப்படித்தான்.

காரணம் பொட்டாசியம். இயற்கையில் பத்தாயிரம் பொட்டாசியம் அணுக்களை எடுத்தால், அதில் ஏறக்குறைய ஒன்று பொட்டாசியம்-40. அதன் அணுக்கரு நிலையற்றது. என்றாவது ஒருநாள் தானாகவே சிதைந்து, பெரும்பாலும் கால்சியமாகவும் சில நேரம் ஆர்கானாகவும் மாறிவிடும். அப்போது வெளிவரும் ஆற்றல்தான் கதிர்வீச்சு. ஒரு வாழைப்பழத்தில் நொடிக்கு சுமார் 15 சிதைவுகள் நடக்கின்றன. சாப்பிடுகிற நம் உடம்பிலோ, இதே பொட்டாசியத்தால் நொடிக்கு 4,000-க்கும் மேல்! பழம் சாப்பிட்டால் இது கூடிக்கொண்டே போகுமா? போகாது. மிகுதிப் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும்.

எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கூட்டமாகப் பார்த்தால் கணக்கு பிசகாது. பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலமே அரை ஆயுள். பொட்டாசியம்-40க்கு அது 125 கோடி ஆண்டுகள்.

இங்கேதான் மாணவர்கள் வழுக்குவார்கள். முதல் அரை ஆயுளில் பாதி போச்சுன்னா, அடுத்ததில் மிச்சமும் காலி என்று நினைப்பார்கள். அப்படி இல்லை, மிச்சத்தில் பாதிதான் போகும். கொல்லிமலையே இதற்கு உதாரணம். மலையின் சார்னோக்கைட் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள், அதாவது இரண்டு அரை ஆயுள். பாறை உருவானபோது இருந்த பொட்டாசியம்-40இல் கால் பங்கு இன்னும் உள்ளே இருக்கிறது. பாறையின் வயது தெரிந்ததே கதிரியக்கத்தால்தான்: ஜிர்கான் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து சொல்கிறார்கள்.

அப்படியானால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்? அரை ஆயுள் நீளம் என்றால் ஆபத்து அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், ஒரே எண்ணிக்கை அணுக்களை வைத்துப் பார்த்தால், அரை ஆயுள் குறைந்ததே நொடிக்கு அதிகம் சிதையும். தைராய்டு சிகிச்சைக்குத் தரும் அயோடின்-131க்கு அரை ஆயுள் 8 நாள்தான். அதனால்தான் அதை வாங்கிக்கொண்டவரை, குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் சில நாள் தள்ளியிருக்கச் சொல்கிறார்கள். 80 நாளில், அதாவது பத்து அரை ஆயுளில், அது ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்.