உயரமாக வளர்ந்தும் எலும்பில் உறுதி இல்லையா? பரம்பரைக் குறைபாடு காரணமாக இருக்கலாம்

பிள்ளை மளமளவென உயர்ந்தால் பெற்றோருக்குப் பெருமைதான். ஆனால், கை கால்கள் மெலிந்து நீண்டு, மூக்குக்கண்ணாடியின் பவரும் அடிக்கடி ஏறி, படிப்பிலும் பின்தங்கினால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அரிதாக, அது ஹோமோசிஸ்டினூரியா என்ற பரம்பரைக் குறைபாடாக இருக்கலாம்.

உடலில் என்ன நடக்கிறது?

இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றின் புரதத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் உண்டு. உடல் அதை ஹோமோசிஸ்டீனாக்கி, பிறகு சிஸ்டீன் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாற்றுகிறது. இந்த மாற்றத்திற்குரிய நொதி சரியாக வேலை செய்யாவிட்டால், ஹோமோசிஸ்டீன் இரத்தத்தில் தேங்கிவிடும்.

அது இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களைக் கெடுப்பதால், இளம் வயதிலேயே இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்படலாம். எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளும் சரியாகப் பிணைவதில்லை. எலும்பு நீளுகிறது, ஆனால் வலுப்பெறுவதில்லை. முதுகெலும்பு வளையலாம், எளிதில் எலும்பு முறியலாம். கண்ணின் லென்ஸைத் தாங்கும் இழைகள் தளர்ந்து, லென்ஸ் இடம் நகர்வதும் உண்டு.

சொந்தத்தில் திருமணம் காரணமா?

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நலமாகவே இருப்பார். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்புண்டு.

நம்மிடையே மாமன் மகள், அத்தை மகன் திருமணங்கள் உண்டு. அக்காள் மகளை மணக்க மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டமும் இந்துக்களுக்கு இடம் தருகிறது. சொந்தத்தில் மணந்தாலே நோய் வரும் என்பதில்லை. ஆனால், ஒரே குடும்பத்தின் பழுதான மரபணு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. எனவே மருமகள் மீது மட்டும் பழி போடுவதில் நியாயமில்லை.

சிகிச்சை உண்டு

இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளில் இதைக் கண்டறியலாம். நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வைட்டமின் பி6 பலன் தருகிறது. மற்றவர்களுக்கு மெத்தியோனின் குறைந்த உணவு, சிறப்புப் பால்மாவு, பீட்டெய்ன் மருந்து ஆகியவை தேவைப்படும். பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கினால் மூளை, கண், எலும்பு பாதிப்புகளைப் பெருமளவு தடுக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் பிள்ளையின் உணவை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

கிளினிக்குக்குச் செல்லும்போது, திருமணம் சொந்தத்தில் நடந்ததா, குடும்பத்தில் யாருக்கேனும் இளம் வயதில் இரத்தக்கட்டு வந்ததா என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். அந்தத் தகவலே மருத்துவருக்குச் சரியான பரிசோதனையை நினைவூட்டலாம்.