பனி மலை சரிந்தால்

உத்தரகண்ட் மாநிலத்தில் மாணா என்று ஒரு கிராமம். பத்ரிநாத் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுற்றிலும் உயர்ந்த மலைகள்.

2025 பிப்ரவரி 28. அங்கே பனி கொட்டியது. சாலைத் தொழிலாளர்கள் முகாமில் இருந்தார்கள். காலையில் மலை மேலிருந்த பனி சரிந்து வந்தது. 54 பேர் சிக்கிக்கொண்டார்கள். மூன்று நாள் தேடினார்கள். 46 பேர் உயிர் பிழைத்தார்கள். 8 பேர் இறந்துபோனார்கள்.

இதன் பெயர் பனிச்சரிவு. பனி ஏன் சரிகிறது?

இமயமலையில் விழும் பனி மார்கழிப் பனி போன்றது அல்ல. வெள்ளைப் பொடியாக விழும். ஒவ்வொரு முறை விழும்போதும் ஓர் அடுக்கு சேரும். எல்லா அடுக்கும் ஒன்றுபோல இருக்காது. கடுங்குளிரில் அடியில் உள்ள பனி சர்க்கரை போல மணிமணியாக மாறும். மணிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாது.

ஒரு பலகையில் கேழ்வரகைப் பரப்புங்கள். அதன் மேல் செங்கல்லை வையுங்கள். பலகையைச் சாய்த்தால் என்ன ஆகும்? செங்கல் சறுக்கும். பனியும் இப்படித்தான் சறுக்குகிறது.

மேலே புதுப்பனி சேர்ந்தால் பாரம் கூடும். காற்றும் பனியை அள்ளி வந்து குவிக்கும். வெயிலில் பனி இளகும். அந்த நேரத்தில் ஓர் ஆள் நடந்தாலே போதும். சரிவு கிளம்பிவிடும்.

மாடிப்படி அளவு சாய்வும், அதைவிடச் செங்குத்தான சாய்வும் ஆபத்தானவை. அடிவாரம் சமமாக இருக்கலாம். ஆனால் மேலிருந்து வரும் பனி அங்கேதான் விழும்.

மலை முன்கூட்டியே சில அடையாளங்களைக் காட்டும்.

பக்கத்துச் சரிவில் பனி புதிதாகச் சரிந்திருக்கும்.
நடக்கும்போது பனியில் நீளமாக விரிசல் ஓடும்.
காலடியில் 'தொம்' என்று சத்தம் கேட்கும்.

இதில் ஒன்றைக் கண்டாலும் அந்தச் சரிவை விட்டு விலக வேண்டும். பெரும்பனி பெய்தபின் ஓரிரு நாளாவது காத்திருக்க வேண்டும். கடந்தே தீர வேண்டுமானால் ஒவ்வொருவராகப் போக வேண்டும். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஒருவர் புதைந்துவிட்டால், முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் முக்கியம். அதற்குப் பிறகு மூச்சு முட்டிவிடும். வெளியிலிருந்து உதவி வர நேரமாகும். கூட இருப்பவர்களே உடனே தேடித் தோண்ட வேண்டும்.

மாணாவில் பலர் இரும்பு அறைகளுக்குள் இருந்தார்கள். அறைக்குள் காற்று இருந்தது. அது பல உயிர்களைக் காத்தது.

முந்தின நாளே அந்த மாவட்டத்துக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வந்திருந்தது. எச்சரிக்கை வந்தால் போதாது. அது முகாமில் உள்ள கடைசித் தொழிலாளிக்கும் தெரிய வேண்டும். அவர் பத்திரமான இடத்துக்குப் போக வழியும் இருக்க வேண்டும்.