அருந்ததிக்கு எதிர்த்திசையில்

மே மாதத்தில், நிலா இல்லாத ஓர் இரவில், பதினொரு மணி வாக்கில் மாமல்லபுரம் கடற்கரையில் போய் நில்லுங்கள். கோயில் விளக்குகளின் வெளிச்சம் எட்டாத இடமாகப் பார்த்து மணலில் கொஞ்சம் தெற்கே நடங்கள். வடவானில் சப்தரிஷி மண்டலம் உயர்ந்து நிற்கும். அதன் வாலின் நடுவில் வசிஷ்டர். அவரை ஒட்டி, கண்ணைச் சுருக்கினால் மட்டும் தெரியும் அருந்ததி. அம்மி மிதித்த காலோடு நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அண்ணாந்து பார்த்த இடம் அது. பகல் முகூர்த்தத்தில், நட்சத்திரமே இல்லாத வானத்தை நோக்கி நாமும் தலையாட்டியிருக்கிறோம்.

இப்போது அப்படியே தெற்கே திரும்புங்கள். கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிப் பார்த்தால், அடிவானத்துக்கு மேலே ஒன்றரை முட்டி உயரத்தில், கடற்காற்றின் ஈரத்தில் நடுங்கியபடி ஒரு பெருஞ்சுடர் தெரியும். வானத்து விண்மீன்களில் வெறுங்கண்ணுக்கு மூன்றாவது பிரகாசம் அதற்கு. ஆல்பா சென்டாரி. பாரிஸிலும் லண்டனிலும் அது உதிப்பதே இல்லை. நம் கரைக்கோ ஆண்டு தவறாமல் வந்து, சில மணி நேரம் தங்கிப் போகிறது. வாசலில் வந்து நிற்கும் அந்த விருந்தாளியை நம்மில் எத்தனை பேர் ஏறெடுத்துப் பார்த்திருக்கிறோம்?

பார்த்தவர் ஒருவர் உண்டு. இதே கரையில், சுமார் நூறு கிலோமீட்டர் தெற்கே, புதுச்சேரியில். 1689 டிசம்பரில் வானில் ஒரு வால்நட்சத்திரம் தோன்றியிருந்தது. சயாமில் மூண்ட அரசியல் புரட்சிக்குப் பின் அங்கிருந்து புதுச்சேரி வந்து சேர்ந்திருந்த ழான் ரிஷோ என்ற சேசு சபைப் பாதிரியார், அதைத் தொலைநோக்கியில் பின்தொடர்ந்தார். ஊரே உறங்கும் வைகறை. அவருடைய கண்ணாடியின் வட்டத்துக்குள் ஆல்பா சென்டாரியும் வந்தது. ஒரு சுடராக வந்தது, இரண்டாகப் பிரிந்து நின்றது.

வசிஷ்டருக்கும் இதுவே நடந்திருந்தது. ஹாலந்தில் 1608-ல் லிப்பர்ஹே என்ற மூக்குக்கண்ணாடிக் கைவினைஞர் தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டார். மறு ஆண்டே கலிலியோ அதை வானத்துக்குத் திருப்பினார். 1617-ல் அவருடைய மாணவர் காஸ்தெல்லி, வசிஷ்டர் என்று நாம் வணங்கும் மீனே இரண்டாக இருப்பதைக் கண்டார். (அந்த ஹாலந்துக்காரர்கள் கட்டிய கோட்டை ஒன்று இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சதுரங்கப்பட்டினத்தில் கடலைப் பார்த்தபடி இன்னும் நிற்கிறது.) வடக்கே அருந்ததியின் துணைவர், தெற்கே இந்தச் சுடர். நாம் ஒற்றையென்று எண்ணியவை இரண்டுமே இரட்டை.

தெற்கே நிற்கும் இந்த இரட்டைச் சுடரின் தொலைவை மனம் எப்படித்தான் ஏந்துவது? சூரியனை ஒரு சிறுகடுகாகச் சுருக்கிக் கடற்கரைக் கோயிலின் படியில் வைத்தால், பூமி அரைச் சாணுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத துகள். ஆல்பா சென்டாரியோ, திருக்கழுக்குன்றத்தையும் தாண்டிச் செங்கல்பட்டில் கிடக்கும் இரண்டு கடுகுகள். நடுவே முப்பது கிலோமீட்டர் வெறுமை. அந்த வெறுமையைக் கடந்து ஒளி இங்கே வந்து சேர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குப் போகும் காலம்! இத்தனைக்கும் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் குடும்பம் இதுதான்.

செங்கல்பட்டில் அந்தக் கடுகுகள் சும்மா கிடப்பதில்லை. நான்கடி நெருங்கியும் பன்னிரண்டடி விலகியும், ஒன்றையொன்று சுற்றிக் கும்மியடிக்கின்றன. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டு, ஒரு மனித ஆயுள். ரிஷோ பார்த்த வைகறையிலிருந்து இதுவரை நான்கு சுற்றுகள் முடிந்துவிட்டன. ஒன்று நம் சூரியனைவிடச் சற்றே பெரியது, மற்றது சற்றே சிறியது. பெரியது சிறியதை விழுங்குவதில்லை, சிறியது கை நழுவி ஓடுவதுமில்லை. விலகும்போது வேகம் தணிகிறது, நெருங்கும்போது வேகம் கூடுகிறது. கோள்களின் நீள்வட்டப் பாதையில் கெப்ளர் 1609-ல் கண்ட தாளம்தான் இது.

அந்தத் தாளத்தின் சுருதியைக் கேட்டவர் நியூட்டன். ரிஷோ கண்ணாடியில் கண்வைப்பதற்கு இரண்டே ஆண்டுகள் முன்பு, 1687-ல், அவருடைய பிரின்சிபியா வெளிவந்தது. பொருள் ஒவ்வொன்றும் பிறவற்றை ஈர்க்கிறது. தொலைவு இரட்டித்தால் ஈர்ப்பு கால்பங்காகிறது. அவ்வளவே விதி. அது விண்மீன்களுக்கும் பொருந்துமென்று கண்ணால் காட்ட நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விண்மீன் இணைகள் ஒன்றையொன்று சுற்றுவதை 1803-ல் வில்லியம் ஹெர்ஷல் அறிவித்தபோதுதான், மண்ணின் சட்டமே விண்ணின் சட்டமும் என்பது உறுதியாயிற்று.

இதை நினைத்துக்கொண்டு ஊருக்குள் வெண்ணெய் உருண்டைப் பாறையின் அடியில் நின்றால் மெய் சிலிர்க்கிறது. சுமார் 250 டன் எடை என்கிறார்கள். சரிவில் குழந்தைகள் சறுக்கி விளையாட, அது மட்டும் அசையாமல் நிற்கிறது. கீழே இழுப்பது ஈர்ப்பு. அடியில் பாறையோடு பாறை உரசும் சிறு இடம் அதை விடாமல் பிடித்திருக்கிறது. அந்தக் கல்லை அழுத்தும் விசையே, கடற்கரைக் கோயில் வரை அலையேற்றத்தைக் கொண்டுவரும் நிலவின் விசையும். செங்கல்பட்டுக் கடுகுகளைக் கும்மியடிக்க வைப்பதும் அதுவே. பாறைக்கு ஒன்று, விண்மீனுக்கு ஒன்று என்று படைப்பு இரண்டு சட்டம் எழுதவில்லை. அந்த எளிமையின் முன்னால் எனக்குக் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

மணி மூன்றரையைத் தாண்டும்போது மீனவக் குப்பத்தில் டார்ச் விளக்குகள் அசையத் தொடங்கும். ஃபைபர் படகை நாலைந்து பேர் தோள்கொடுத்து அலைக்குள் தள்ளுவார்கள். அந்த நேரத்தில் தெற்கே பாருங்கள். கரை வளைந்து போகும் வழியில், ஏறத்தாழ புதுச்சேரி இருக்கும் அதே திசையில், அந்தச் சுடர் சிவந்து தாழ்ந்து இறங்கிக்கொண்டிருக்கும்.