பேராதனை மேடையில் வடமோடிக் கூத்து

பாடிக்கொண்டே ஆட வேண்டும். ஆடிய மூச்சு அடங்குமுன் அடுத்த அடியை எடுக்க வேண்டும். குரல் நடுங்கக் கூடாது, கால் தாளம் தவறக் கூடாது. மட்டக்களப்பின் வடமோடிக் கூத்து ஆட்டக்காரரிடம் கேட்பது இது. அந்தக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றத் துணிந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன்.

துணிவுக்கு ஒரு முன்னோடி இருந்தது. 1956 நவம்பரில் எதிரிவீர சரச்சந்திர, பேராதனை மாணவர்களைக் கொண்டு 'மனமே' என்ற சிங்கள நாடகத்தைக் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ஏற்றினார். அதன் பாணியான 'நாடகம' மரபு தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது. கிளை இப்படித் தழைக்கையில் வேரை வாடவிடலாமா? 1962இல் பேராதனைத் தமிழ் மாணவர்கள் 'கர்ணன் போர்' என்ற வடமோடிக் கூத்தை ஆடினார்கள்.

கூத்துப் பழக்கும் ஆசானை அண்ணாவியார் என்பார்கள். இவர்களைப் பழக்க வந்தவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். பேராசிரியருக்கு அரங்கு தெரியும். ஆட்டம் தெரிந்தவர் அண்ணாவியார். இருவரும் சேர்ந்ததால்தான் காரியம் கைகூடியது. விடிய விடிய ஆடும் கூத்து ஓரிரு மணி நேரத்துக்குச் சுருங்கியது. சுற்றிலும் சனம் அமரும் வட்டக்களரிக்கென அமைந்த ஆட்டத்தை, ஒரு பக்கம் மட்டும் பார்வையாளர் இருக்கும் மேடைக்கு மாற்றியமைக்க வேண்டியிருந்தது. நேரத்தைக் குறைத்தார்கள்; ஆட்டத்தின் கடுமையைக் குறைக்கவில்லை.

பின்னர் வந்த 'இராவணேசன்' இன்னும் கடினமானது. அதில் இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராயிருந்த சி. மௌனகுரு. வீரம் காட்டும் மன்னனோடு, உள்ளுக்குள் உடையும் மனிதனையும் அதே தாளக்கட்டுக்குள் காட்ட வேண்டியிருந்தது. பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், தம் மாணவர்களைக் கொண்டு அதே நாடகத்தை மீண்டும் மேடையேற்றினார். அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது வந்தாறுமூலையில், அண்ணாவியாரின் ஊரில்.

கல்லூரி விழா என்றதும் 'பிள்ளைகள்தானே, இலேசாக ஏதாவது போடுவோம்' என்கிறோம். ஒலிப்பதிவை ஓடவிட்டு வாயசைக்கச் சொல்கிறோம். அது பிள்ளைகளைக் குறைத்து மதிப்பிடுவது. நல்ல அண்ணாவியாரைத் தேடிப் பிடித்து, போதிய மாதங்கள் பழகக் கொடுத்தால் மாணவர்கள் எந்தக் கடினத்துக்கும் ஈடுகொடுப்பார்கள். பேராதனை மாணவர்கள் அதை ஆடியே காட்டிவிட்டார்கள்.